மைலுக்கு ஆறங்குலம்

விழா மலர்களிற் கட்டுரை வரையும் பழைய மாணவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வர். தாம் பயின்ற காலத்திற் கல்லூரி எத்துணைச் சிறந்து விளங்கியது என்று கூறி இன்றைய மாணவரை நாணச் செய்வர். அன்றேல், வாழ்க்கையில் வெற்றியெய்தும் வழி இதுவென அறிவுரை வழங்குவர். முன்னதைச் செய்ய எமக்கு மனமில்லை. எமது வகுப்பில் இருந்தோருள் மூன்றில் ஒரு பங்கினரே முதன்முறை சித்தியெய்தினர் என்பது எமக்கு நன்கு நினைவிருக்கின்றது. பின்னதைச் செய்யத் தகுதி உண்டோ என்பதும் ஐயமே. ஆயினும் மலர்க்குழுவினர் விட்டாரில்லை. அன்றியும், சென்ற ஆண்டு சீகிரியாக் குன்றின் உச்சியில் நாம் செவிமடுத்த ஒரு வினாவும் அதற்குக் கிடைத்த விடையும் எம் நெஞ்சை விட்டு அகல மறுக்கின்றன.

உயர்தர வகுப்பு மாணவரும் பழைய மாணவர் சிலரும் ஒருங்கு சென்ற சுற்றுலா அது. தம்புள்ளையைக் கடந்து, இனாமலுவைச் சந்தியில் திரும்பி, வெயில் ஏறுமுன் குன்றின் அடிவாரத்தை அடைந்தோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மாணவர் பாய்ந்தேறினர்; நாம் ஒவ்வொரு திருப்பத்திலும் இயற்கைக் காட்சியை வியப்பவர்போல் நின்று மூச்சு வாங்கினோம். உச்சியிலே, இடிந்த அரண்மனைச் சுவரொன்றில் அமர்ந்திருந்தபோது, மாணவனொருவன் எம்முடன் கூடப் படித்தவரும் கொழும்பிற் பெயர்பெற்ற இரும்புச் சாமான் வர்த்தகருமாகிய அன்பரை அணுகி, "ஐயா, எந்தப் பழக்கத்தினால் நீங்கள் இந்த நிலைக்கு வந்தீர்கள்?" என்று வினவினான். அன்பர் சற்றும் தயங்காது, "தம்பி, விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். வேறொன்றும் வேண்டாம்" என்றார். மாணவர் சிலர் அதனைத் தம் கைத்தொலைபேசியிற் குறித்துக்கொண்டனர்.

நாம் அப்பொழுது ஒன்றும் பேசவில்லை. பேச மூச்சுமில்லை. ஆனால், இவ்விடை தவறு என்பது எமது துணிபு. நாலு மணிக்கு எழுவதனாற் செல்வம் சேருமாயின், எமது நாட்டில் மீன்பிடிப்போரும் வெதுப்பகத் தொழிலாளரும் தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் வாழும் தாய்மாரும் மாடமாளிகைகளில் அன்றோ இருத்தல் வேண்டும்? அன்பர் பொய்யுரைக்கவில்லை. தமக்கு வருத்தம் தந்த பழக்கத்தையே அவர் நினைவில் வைத்திருக்கின்றார். அவரை நாற்பது ஆண்டுகளாக அறிவோம். அன்றைய கொள்வனவையும் விற்பனவையும் பெட்டிப் பணத்தையும் ஒப்புநோக்காமல் அவர் ஒரு நாளேனும் கடைக்கதவைப் பூட்டியதில்லை. அதனை அவர் ஒரு பழக்கமென்றே கருதுவதில்லை. பல் துலக்குவதைப் போல அவருக்கு அது மறைந்துபோயிற்று. வெற்றி பெற்றோரிடம் வெற்றியின் காரணத்தைக் கேட்பதில் உள்ள இடர்ப்பாடு இதுவே. உண்மையில் அவர்களைத் தாங்கி நிற்கும் பழக்கம் அவர்கள் கண்ணுக்கே புலப்படுவதில்லை.

அவ்வுச்சியில் அமர்ந்து அவ்விடையைக் கேட்டமைதான் வேடிக்கை. அவ்விடத்திற்கு உரியவன் பெருவெற்றியை ஒரே பாய்ச்சலில் அடைய எண்ணிய ஒருவன். சூளவம்சம் கூறும் வரலாற்றை மாணவர் அறிவர். தாதுசேன மன்னனின் மகனாகிய காசியப்பன் தந்தையைக் கொன்று கி.பி. 477 இல் அரசைக் கைப்பற்றினான். உரிமையுடைய தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். காசியப்பன் அநுராதபுரத்தை நீங்கி, ஏறக்குறைய 600 அடி உயர்ந்த இக்கற்பாறைமீது மாளிகை எழுப்பிப் பதினெட்டு ஆண்டுகள் ஆண்டான். (இது அரண்மனையே அன்று, துறவியர் மடம் என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வழக்கை இங்கு நாம் தீர்க்கப் போவதில்லை.) 495 இல் முகலன் படையுடன் மீண்டான். போர்க்களத்திற் காசியப்பன் ஏறியிருந்த யானை எதிரே சேற்று நிலத்தைக் கண்டு சற்று விலகித் திரும்பிற்று. அரசன் புறமுதுகிடுகின்றான் என்று எண்ணிய படை சிதறி ஓடியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

எமது வர்த்தகர் பலர் இக்கதையை அரசியற் கதையாகவே கொள்வர். எமக்கோ அது கடைக்கதையாகவும் தோன்றுகின்றது. பெரியதொரு சேனை, ஆயினும் செய்தி அறிய அதற்கு இருந்த வழி முதலாளியின் யானை எப்பக்கம் திரும்புகின்றது என்று பார்ப்பது மட்டுமே. யாவும் முதலாளியின் தலைக்குள் இருக்க, ஊழியர் அவர் முகக்குறி பார்த்து நடக்கும் வர்த்தக நிலையங்களை நாம் எத்தனையோ கண்டிருக்கின்றோம். முதலாளி நோயுற்று மூன்று வாரம் படுக்கையிற் கிடந்தால், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எவரிடம் எவ்வளவு வர வேண்டும் என்பது மகனுக்கும் தெரியாது, கணக்குப்பிள்ளைக்கும் தெரியாது.

சீகிரியாவிற்கு வருவோர் காசியப்பனைப் பற்றிப் பேசுவர்; அவன் தந்தையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. சீகிரியாவுக்கு மேற்கே உள்ள கலாவாவியைக் கட்டுவித்தவன் தாதுசேனன். தன் செல்வத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கின்றான் என்று கொடியோர் வருத்தியபோது, அவன் அவ்வாவிக்குச் சென்று, நீரைக் கையால் அள்ளிக் காட்டி, தனக்குள்ள செல்வம் இதுவே என்றானாம். அவ்வாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசா வாவிக்கு நீர் கொண்டு செல்லும் கால்வாய்க்கு ஜய கங்கை என்றும் யோத எல என்றும் பெயர். நீளம் ஏறக்குறைய 54 மைல். அதன் முதற் பதினேழு மைலில், மைலொன்றுக்குச் சுமார் ஆறங்குலமே சரிவு என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் கூறுவர்.

ஆறங்குலம் என்பது ஒரு சாண் அளவிலும் குறைவு. கரையில் நின்று பார்க்கும் எவர் கண்ணுக்கும் அது சரிவாகத் தோன்றாது. மைலுக்கு ஆறடி வைத்திருந்தால் நீர் வேகமாகப் பாய்ந்து கரையை அரித்திருக்கும். அன்றியும் வெகு விரைவில் தாழ்ந்து, உயரத்திலுள்ள வயல்களுக்கு எட்டாது போயிருக்கும். ஓரிடத்தில் எதிர்ச்சரிவு நேர்ந்திருந்தாலோ நீர் அங்கேயே தேங்கியிருக்கும். சிறிய சரிவு, மாறாத சரிவு, நெடுந்தூரம் தொடரும் சரிவு: கால்வாயின் பெருமை இம்மூன்றிலும் அடங்கும். நற்பழக்கம் என்பதற்கு இதனினும் தெளிவான உருவத்தை நாம் எந்த நூலிலும் கண்டிலம். இடைக்காலத்திற் பாழுற்றுக் கிடந்த கலாவாவி 1880 களிற் புனரமைக்கப்பட்டது. இன்றும் வயல்களுக்கு நீர் வழங்குகின்றது. மகன் கட்டிய மாளிகையில் நாம் இளைப்பாற நிழலும் இருக்கவில்லை.

காசியப்பனுக்கும் நியாயம் செய்தல் வேண்டும். சீகிரியாவின் கீழ்ப்பகுதியில் உள்ள நீர்ப் பூங்காவின் நிலத்தடிக் குழாய்களும் நீரூற்றுகளும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழிந்த பின்னரும் மாரிகாலத்தில் தொழிற்படுகின்றன. பாறைமீது கட்டியவை போயின. கீழே, அளவறிந்து, கண்ணுக்குத் தெரியாமல் இட்டவை நிற்கின்றன. அவற்றை இட்ட கம்மியர் பெயர் யாருக்கும் தெரியாது.

இனி எமது கதை. படிப்பு முடிந்து சில ஆண்டுகளின் பின், நண்பரொருவருடன் கூட்டுச் சேர்ந்து கடதாசியும் பாடசாலை உபகரணங்களும் விற்கும் கடையொன்றை நாம் திறந்தோம். பெயர்ப்பலகை மட்டும் பன்னிரண்டு அடி. முதல் மாதம் இரவுதோறும் நாளேடு எழுதினோம். ஒரு திருவிழா இரவு எழுதவில்லை. பின்னர் கிழமைக்கொரு முறை எழுதினோம். பின்னர் மாதத்திற்கொரு முறை, நினைவிலிருந்து. மூன்றாம் ஆண்டிலே பெட்டியில் எப்பொழுதும் பணம் இருந்தது. ஆகவே இலாபம் என்று எண்ணி இருவரும் எடுத்துச் செலவிட்டோம். நாம் எடுத்தது முதல் என்பது நான்காம் ஆண்டில், கொழும்பிலிருந்து கொப்பி அனுப்பியவர் கடனை ஒருங்கே கேட்டபோதுதான் விளங்கிற்று. கடையை மூடிக் கணக்குத் தீர்ப்பதற்கு முதிய கணக்குப்பிள்ளை ஒருவரை அமர்த்தினோம். துண்டுச் சீட்டுகளை அடுக்கி அடுக்கி அவர் பதினொரு வாரம் இருந்தார். முடிவில், "கடை நன்றாகத்தான் ஓடியிருக்கின்றது, ஐயா. உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்றார். கூட்டாளியை நாம் குறைகூறவில்லை. நாளேடு எழுதும் பொறுப்பு எம்முடையதாகவே இருந்தது. இன்றும் அவ்வசனம் எம்மைச் சில இரவுகளில் எழுப்பிவிடுகின்றது, நாலு மணிக்கு முன்னரே.

அக்கணக்குப்பிள்ளை தம் இளமையிற் கொழும்புச் செட்டியார் தெருவிற் பயின்றவர். நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் வட்டியைப் பற்றி இந்நாட்டிற் பலர் பலவாறு பேசியுள்ளனர். அவ்வழக்கு ஒருபுறம் நிற்க. அவர்கள் ஆட்களைப் பயிற்றிய முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. சிறுவன் பெட்டியடிப் பையனாகக் கடையிற் சேர்வான். பெட்டி துடைத்தல், தவணைக்காரர் வீட்டுக்கு நடத்தல், மூத்தோர் வாசிக்கக் கணக்கைச் சரிபார்த்தல் என்று ஆண்டுகள் கழியும். பின் அடுத்தாள், பின் மேலாள். கடல் கடந்து சென்ற முகவர் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது, பேரேட்டையும் ஐந்தொகையையும் ஒப்புவித்தல் வேண்டும். உரிமையாளர் காரைக்குடியில் இருந்தாலும் கொழும்பிலோ இரங்கூனிலோ ஒரு காசு எங்கே நிற்கின்றது என்று அறியக்கூடியதாயிருந்தது. யானையைப் பார்க்க வேண்டிய தேவை அங்கு இல்லை. இதில் எம்மைக் கவர்வது ஒன்று: எவரும் அச்சிறுவனுக்கு நேர்மை, விடாமுயற்சி என்று சொற்பொழிவாற்றவில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே பாயில், ஒரே வேலை. அவ்வளவே.

இக்காலத்தில் இப்பொருள்பற்றி நூல்கள் மலிந்துள்ளன. ஆங்கிலத்தில் சாமுவேல் சிமைல்சு 1859 இல் எழுதிய நூல் தொட்டு, அமெரிக்கர் சுடீபன் கோவி 1989 இல் வெளியிட்ட ஏழு பழக்கங்கள்பற்றிய நூல் வரை பலவற்றை நாம் வாசித்திருக்கின்றோம். கடை மூடிய பின்னர் வாசிக்க நேரம் நிறைய இருந்தது. அவற்றிற் பல நல்லனவே. ஆனால், இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் வந்துவிடும் என்று மேடைதோறும் முழங்குகின்றார்களே, அதை மட்டும் மாணவர் நம்பலாகாது. 1960 இல் மக்சுவெல் மோல்ட்சு என்னும் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர், தம் நோயாளர் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது இருபத்தொரு நாள் செல்கின்றது என்று எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனாராய்ச்சியாளரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010 இல் அச்சேற்றிய ஆய்விலே, ஒரு செயல் தானே நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் சென்றன. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அவ்வாய்விலே எம் கண்ணை நிறுத்திய முடிபு மற்றொன்று உண்டு. இடையே ஒரு நாள் தவறியமை பெருந்தீங்கு செய்யவில்லையாம். அதனை வாசித்தபோது திருவிழா இரவை எண்ணினோம். எம்மைக் கெடுத்தது அவ்விரவு அன்று. மறுநாள் நாளேட்டை எப்பொழுது எடுப்பது என்பதற்கு எமக்கு ஒரு குறித்த வேளை இருக்கவில்லை. எமது அன்பருக்கோ கதவுத் திறப்பு கையில் வரும் கணமே கணக்கு எடுக்கும் கணம்.

அச்சுத் தொழிலாற் செல்வரான பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்குணங்களை எழுதி, கிழமைக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு சுற்று, சிறு கொப்பியிற் கட்டம் கீறித் தம் தவறுகளுக்குக் கரும்புள்ளி இட்டு வந்தார். ஒழுங்கு என்னும் குணம் கடைசிவரை தமக்குக் கைவரவில்லை என்று தம் சரிதையில் அவரே ஒப்புக்கொள்கின்றார். எமக்கு இது பெரும் ஆறுதல்.

மீண்டும் சீகிரியாவுக்கு வருவோம். ஏறும் வழியில் உள்ள கண்ணாடிச் சுவரைப் பெரும்பாலோர் இறங்கும்போது பாராமலே கடந்துவிடுவர். மினுமினுக்கப்பட்ட அச்சுண்ணச் சாந்தின்மீது, எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை பெரும்பான்மையாக, வந்துபோனோர் ஓவியப் பெண்டிரை வியந்து சிங்களக் கவிகளைக் கீறியுள்ளனர். நுண்ணிய எழுத்து, ஒன்றன்மேலொன்றாய்க் கீறியவை பல. புதைபொருளாராய்ச்சி ஆணையாளராகப் பணியாற்றிய கலாநிதி செனரத் பரணவிதான, தம் உத்தியோகக் கடமைகளுக்கிடையே அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, 685 கவிகளை இரு பாகங்களாக 1956 இல் வெளியிட்டார். ஒக்சுபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் பதிப்பித்த அந்நூல் இன்றும் சிங்கள மொழியாராய்ச்சிக்கு ஒரு தூண். அவருக்கும் முன்னர், 1890 களில், பெல் துரையின் கீழ்ப் பணியாற்றிய டி. ஏ. எல். பெரேரா என்னும் வரைஞர் பாறைக் குழியில் உயரத்தில் இருந்தவாறே ஓவியங்களைப் பிரதி செய்தார். 1967 இல் தீயோர் சிலர் அவ்வோவியங்கள்மீது வண்ணம் பூசிச் சிதைத்தபோது, அப்பிரதிகள் எழுதப்பட்டு எழுபது ஆண்டு ஆகியிருந்தன. இத்தகையோரை எவரும் வெற்றி மேடைக்கு அழைப்பதில்லை.

எனினும் பரணவிதானவின் வாழ்வில் மற்றொரு பகுதியும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. இறுதிக் காலத்தில் அவர், பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே வேறு எழுத்துகளைத் தாம் காண்பதாகக் கூறி, அவற்றினின்று நெடிய வரலாறுகளை எழுதினார். 1972 இல் வெளிவந்த சீகிரியின் கதை என்னும் அவரது ஆங்கில நூலும் அவ்வகையினதே. பிறர் கண்ணுக்கு அவ்வெழுத்துகள் புலப்படவில்லை. அறிஞருட் பெரும்பாலோர் அவற்றை ஏற்றிலர். அதே கண், அதே பொறுமை, அதே உழைப்பு. வேறொருவர் ஒப்புநோக்க இடமில்லாத நிலையில் நற்பழக்கமும் வழிதவறும் என்பதற்கு இதைக் காட்டிலும் துயரமான சான்று எமக்குத் தெரியாது. கணக்கை எழுதுவோர் ஒருவராகவும் சரிபார்ப்போர் மற்றொருவராகவும் இருத்தல் வேண்டும் என்று பழைய கடைகள் வகுத்தது ஐயத்தினால் மட்டும் அன்று போலும்.

பழக்கம் எல்லா இடரையும் தடுக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆறங்குலச் சரிவை அமைப்பித்த தாதுசேனனே மகன் கையால் மாண்டான். 2019 ஏப்பிரலில் குண்டுகள் வெடித்தன. 2020 இல் கொள்ளைநோய். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி நாடே வரிசையில் நின்றது. இனாமலுவையிலிருந்து சீகிரியா வரை சுற்றுலாப் பயணிகளை நம்பியிருந்த கடைகளும் விடுதிகளும், கணக்கு எழுதியோருடையவை, எழுதாதோருடையவை என்ற வேறுபாடின்றி அடிபட்டன. வங்கி முகாமையாளர் முன் அமர்ந்து தவணை கேட்டபோது எடுத்துக் காட்ட ஒரு கொப்பி சிலரிடம் இருந்தது, பலரிடம் இல்லை. நாம் கூறும் வேறுபாடு அவ்வளவே. சிறிதுதான்.

கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். வணிகக் கல்வியில் 'ஏ' சித்தி பெறும் மாணவர் எம்மிடம் ஆண்டுதோறும் உளர். இரட்டைப் பதிவு முறையை அவர்கள் பிழையின்றி எழுதுவர். ஆனால், உண்மையான காசுக்கு உண்மையான கணக்கை ஒரு மாதம் தொடர்ந்து எழுதியவர் அவர்களுள் எத்தனை பேர்? கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையின் நாட்கணக்கை அடுத்த தவணை தொடக்கம் உயர்தர வணிக வகுப்பாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒருவன் எழுதட்டும், மற்றொருவன் சரிபார்க்கட்டும், இறுதி மணி அடிக்குமுன் அது முடிதல் வேண்டும். வடையின் எண்ணிக்கை குறைந்தால் அதுவும் கொப்பியில் ஏறட்டும்.

பழைய மாணவர் சங்கத்தையும் விடலாகாது. கடந்த மூன்று பொதுக்கூட்டங்களிலும் கணக்கறிக்கை 'அச்சிலிருக்கின்றது' என்றே அறிவிக்கப்பட்டது. அம்மூன்றில் ஒன்றிற்குப் பொருளாளர் நாமே. வரும் தவணை முதலாக மாதத்தின் முதற் சனிக்கிழமையில் வரவு செலவு கல்லூரி அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும் என்று செயற்குழு தீர்மானித்தல் வேண்டும். எம் காலத்துக் கணக்கை அதற்கு முன்னரே நாம் ஒப்படைப்போம். சிற்றுண்டிச்சாலைக்கு வேண்டிய கொப்பிகள் இரண்டு டசினை ஏற்கெனவே வாங்கி அதிபர் அலுவலகத்திற் சேர்ப்பித்துள்ளோம். பற்றுச்சீட்டு முதலாவது கொப்பியினுள் இருக்கின்றது.